மூடாத விரல்கள்

இலை என்றுதான் சொன்னார். ஈர இலை, சக்கரம் வழுக்கிவிட்டது என்று, வேலிச் செடிக்குள் பாதி உடம்பு புதைந்து கிடந்தபடியே சிரித்துக்கொண்டு சொன்னார். ரூபவதியும் ஆமா ஆமா என்று அவர் முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். ஆனால் அந்தச் சரிவில் இலை இல்லை. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து இந்த இரண்டு சொற்களும் அவளுக்குள் மாறி மாறி நடக்கின்றன, இலை, இல்லை, இலை, இல்லை, இப்போது பாஸாவ் நகரத்தின் கல் பாவிய சந்தில் கணவருக்குப் பின்னால் நடக்கும்போது ஷூ சத்தம்கூட அப்படித்தான் கேட்கிறது. ஒருவேளை இருந்திருக்கலாம், ஒரே ஒரு இலை. ஜெர்மனியில் மே மாதத்தில் இலை உதிருமா? உதிராது, இப்போதுதான் துளிர்த்து நிற்கின்றன, கண் கூசும் பச்சை. காற்றில் பிய்ந்து விழுந்திருக்கலாம். சரி, விழுந்தது என்றே வைத்துக்கொள்வோம், அந்த விரல்களை என்ன செய்வது? சாலை கொண்டை ஊசியாகத் திரும்பும் இடம் அது. அவர் கீழே, அவள் மேலே. வழி நெடுக அவர் முதுகை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தவளுக்கு அந்த ஒரு திருப்பத்தில் அவர் பக்கவாட்டில் முழுசாகத் தெரிந்தார். இடது கை விரல்கள் பிரேக்கின் மேல் கிடந்தன. கிடந்தன, அவ்வளவுதான், கொடியில் காயப்போட்ட துணி மாதிரி. மூடவில்லை. விழப்போகிற மனுஷன் ரோட்டைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்தார், அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை, கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அப்புறம் வலது கை பிரேக்கை இறுக்கியது, பின்சக்கரம் இழுத்தது, வேலி.

ஹேண்டில்பார் கோணிப்போன சைக்கிளைக் காலையில் ஆற்றங்கரைக் கடை ஒன்றில் விட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் வாருங்கள், அதுவரை ஊரைச் சுற்றிப் பாருங்கள் என்று கடைக்காரி இங்கிலீஷில் சொன்னாள். அப்படி, கேட்காமலே ஒரு பகல் கைக்கு வந்தது. பாளையங்கோட்டையில் உட்கார்ந்து போட்ட திட்டத்தில் இந்த ஊருக்கு இரவுத் தூக்கம் மட்டும்தான் உண்டு. ரேகன்ஸ்பர்க்கில் சைக்கிள் வாடகைக்கு எடுத்து, டான்யூப் கரையோடேயே இறங்கி, பாஸாவ், அப்புறம் ஆஸ்திரியாவுக்குள் லின்ஸ், கடைசியில் வியன்னா. கணவர் தங்கதுரை பாபநாசம் மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயுசு பூரா ஆத்தை மறிச்சு வேலை வாங்கியாச்சு, ஒரு தடவையாவது ஒரு ஆறு போற போக்குல நாமளும் போகணும் என்பார். தினமும் விடியற்காலை மணிமுத்தாறு ரோட்டில் இரண்டு பேரும் ஓட்டிப் பழகினார்கள். அவர் முன்னால், இவள் பின்னால். பள்ளம் வந்தால் கையைக் கீழே காட்டுவார், நாய் வந்தால் விரலை ஆட்டுவார். எந்தக் கை? இடது கை. அந்தக் கை எப்போதிலிருந்து எதையும் காட்டவில்லை? ரேகன்ஸ்பர்க்கிலிருந்து இங்கே வரும் வரை ஒரு பள்ளமாவது காட்டினாரா? இந்த ஊர் ரோட்டில் பள்ளமே இல்லை, எப்படிக் காட்டுவார். நாயும் இல்லை. அவள் கொஞ்சம் ஆறுதலாக மூச்சு விட்டாள். விட்ட மூச்சு முழுசாக வெளியே போவதற்குள் மணிமுத்தாறு ரோடு ஞாபகத்துக்கு வந்தது. அங்கே பள்ளம் இருந்தது, நாய் இருந்தது. பங்குனி வெயிலில் ஒரு நாள், "சத்தம் போட்டுச் சொல்லுதேன், நீ கேட்டுக்கோ" என்றார். அன்றிலிருந்து வாயால்தான் சொன்னார். பள்ளம், ரூபா. நாய், ரூபா. அவளுக்கு அது பிடித்துக்கூட இருந்தது, தன் பேரை அத்தனை தடவை கேட்பது.

ஒரு சின்னச் சதுக்கத்தில் காப்பிக்கடை மேசைகளை வெளியே போட்டிருந்தார்கள். தங்கதுரை வலது கையால் மேப்பை விரித்து, காற்றில் பறக்காமல் அதன் மேல் கப்பை வைத்தார். இடது கை ஜாக்கெட் பைக்குள் இருந்தது.

"ரூபா, ஒண்ணு யோசிச்சேன். இங்கிருந்து லின்ஸுக்குக் கப்பல் இருக்கு. சைக்கிளையும் ஏத்திக்கிடலாமாம். உன் முட்டுக்கும் ஓய்வு கிடைக்கும் பாரு."

"முட்டு அவ்வளவு மோசம் இல்லங்க."

"ராத்திரி தைலம் போடும்போது முனங்குனியே. லின்ஸ்ல இறங்கி, நல்லா இருந்தா ஓட்டுவோம். இல்லன்னா ரயில்ல வியன்னா. எல்லாம் உன் முட்டைப் பொறுத்ததுதான்."

பக்கத்து மேசையில் யாருக்கும் தமிழ் தெரியாது, தெரிந்திருந்தால் முட்டையைப் பற்றி இவ்வளவு கவலையா என்று நினைத்திருப்பார்கள், வேறொரு நாளாக இருந்தால் இதைச் சொல்லி அவரைச் சிரிக்க வைத்திருப்பாள். இப்போது அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான், அவர் ஒளிந்துகொள்ள ஓர் இடம் தேடுகிறார், கிடைத்தது என் முழங்கால். ஒளிந்துகொள்ளட்டும். அதற்குப் பின்னால் ஒரு ஆள் மறைய முடியுமென்றால் நல்லது. முகத்தைச் சுளித்து, "நீங்க சொல்றதும் சரிதான், காலையில இருந்தே ஒரு குத்தல்" என்றாள். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. இந்த மனுஷன் என் வலியைக் கேட்டு நிம்மதி அடைகிறார். இவருக்கு எவ்வளவு பயமாக இருக்க வேண்டும்! எழுந்து நடந்தபோது அவள் காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தாள். அடுத்த சந்தில் இன்னும் கொஞ்சம். அவர் தோளைக் கொடுத்தார், அவள் பிடித்துக்கொண்டாள். பொய்யாகத்தான் சாய்ந்தாள், ஆனால் அந்தத் தோள் பொய் இல்லை, வெதுவெதுவென்று சோப்பு வாசத்தோடு இருந்தது.

நகர மன்றத்துச் சுவரில் பழைய வெள்ளங்கள் எதுவரை ஏறின என்று கோடு போட்டு வருஷம் எழுதி வைத்திருந்தார்கள். தங்கதுரை அங்கேயே நின்றுவிட்டார், தொழில் புத்தி. மூன்று ஆறு வந்து சேருகிற ஊர், தப்பவே முடியாது பாரு என்று அண்ணாந்து காட்டினார், வலது கையால். சில கோடுகள் ஆள் உயரத்துக்கு மேலே, ஜன்னலுக்கும் மேலே. அவ்வளவு தண்ணீரையும் குடித்துவிட்டு இந்தச் சுவர் பிஸ்கட் நிறத்தில் வெயில் காய்ந்துகொண்டு நிற்கிறது. அவளுக்குத் தொண்ணூற்றிரண்டு ஐப்பசி கண்ணுக்குள் வந்தது. தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு வந்தபோது இவர் பாபநாசத்தில், மலையடியில், மின் நிலையத்துக்குள். போன் செத்துப்போயிற்று. ரோடு இல்லை. மேலே அணை திறந்தாச்சாம், ஆட்கள் போயிட்டாங்களாம் என்று தெருவில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அவள் யாரையும் நம்பாமல் தினமும் அவருக்கும் சேர்த்து அரிசி போட்டாள். மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி மறுநாள் தின்றாள். ஒரு நாள் மதியம் முழங்கால் வரை சேற்றோடு வாசலில் வந்து நின்று, சோறு இருக்கா என்று கேட்டார். அப்போது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, எங்கே போய்த் தொலைந்தீர் என்று ஒரு கத்து. ஒரு மனுஷன் காணாமல் போனால் காத்திருக்கலாம், அது அவளுக்குத் தெரியும், அதில் அவள் கெட்டிக்காரி. ஆனால் பக்கத்திலேயே நின்றுகொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறவருக்கு எப்படிக் காத்திருப்பது? எந்த நாள் சோற்றை நிறுத்துவது? சீ, என்ன நினைப்பு இது. ஒரு கை ஒரு தடவை மூடவில்லை, அதற்குள். குளிராக இருந்திருக்கும். மரத்துப்போயிருக்கும். குளிரிலே மரக்காதா என்ன. இவருடைய அண்ணன் ஆபிரகாம்கூட முதலில் குளிர் என்றுதான் சொன்னார், பாளையங்கோட்டையில், சித்திரை மாதத்தில்.

அந்தப் பெயரை நினைக்கக் கூடாது என்றுதான் நேற்றிலிருந்து சுற்றிச் சுற்றி வந்தாள். வந்துவிட்டது. ஆபிரகாமுக்கு நடுக்குவாதம். கை நடுங்கியது, பிறகு கால் தரையில் ஒட்டிக்கொண்டது. ஆனால் அவள் மனதில் நிற்பது அது இல்லை. ஒரு கல்யாணப் பந்தியில் அவர் கையிலிருந்து சாம்பார்ச் சோறு வேட்டியில் சிந்தியது. பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்காத மாதிரி இருந்தார்கள், எல்லாரும் ஒரே சமயத்தில் பார்க்காத மாதிரி. அதற்குப் பிறகு அவர் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அவரை வைத்துக்கொண்டே, தூங்குதாரா சாப்பிடுதாரா என்று அவர் மனைவியிடம் கேட்டார்கள். தங்கதுரை மட்டும்தான் அண்ணன் முகத்துக்கு நேராகக் குனிந்து, அண்ணே, நேத்து மேட்ச் பாத்தியளா என்று கேட்பார், பதில் வர எவ்வளவு நேரமானாலும் குனிந்தபடியே இருப்பார். அப்படி இருந்தவருக்கு இப்போது எல்லாம் தெரிந்திருக்கும். என்னைவிட முந்தித் தெரிந்திருக்கும்.

பெரிய தேவாலயத்தில் உச்சிப்பொழுது ஆர்கன் வாசிப்பு இருந்தது. உலகத்திலேயே பெரிய ஆர்கன்களில் ஒன்றாம், கூட்டம் நிறைந்திருந்தது. கூரை முழுக்க வெள்ளைச் சுதை வேலை, கொழுகொழுவென்று தேவதூதப் பிள்ளைகள். நம்ம கதீட்ரல் கோவிலில் இத்தனை பிள்ளைகள் இருந்தால் கமிட்டியில் சண்டை வந்திருக்கும் என்று தங்கதுரை காதில் சொன்னார். அவள் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அவர் இடது கை பைக்குள்ளிருந்து வெளியே வந்து தொடையில் இருப்பதைப் பார்த்தாள். பெருவிரல் சுட்டுவிரலோடு உரசிக்கொண்டிருந்தது, மெதுவாக, ஒரு மிளகை வைத்து உருட்டுகிற மாதிரி. அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கே தெரியாமல் அது உருட்டிக்கொண்டிருந்தது. ஆண்டவரே, இலையாக இருக்கட்டும். பெரிய ஜெபமெல்லாம் வரவில்லை, இவ்வளவுதான் வந்தது, ஆண்டவரே, அது இலையாகவே இருக்கட்டும். அப்போது ஆர்கன் தொடங்கியது. காதில் இல்லை, முதலில் பெஞ்சில்தான் அது கேட்டது. உட்கார்ந்திருந்த பலகை அதிர்ந்தது, தரை அதிர்ந்தது, அவள் முழங்கால் அதிர்ந்தது, முன்வரிசைக் கிழவியின் தொப்பியில் செருகியிருந்த இறகு அதிர்ந்தது. அந்த இடத்தில் அசையாமல் இருந்த கை எதுவுமே இல்லை. அவள் தன் வலது கையை எடுத்து அவர் இடது கை மேல் வைத்தாள். உள்ளங்கைக்குள் அந்த மிளகு உருண்டுகொண்டே இருந்தது. அவர் கையை இழுக்கப் பார்த்தார். அவள் விடவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை, சங்கீதம் முடிகிற வரை இரண்டு பேரும் நேரே பார்த்துக்கொண்டு இருந்தார்கள், முதல் தடவை ஒன்றாக போட்டோ எடுக்க உட்கார்ந்தவர்கள் மாதிரி.

வெளியே வந்து ஆற்றுக்கு இறங்கும் படிச்சந்தில் அவள் மறக்காமல் நொண்டினாள். ஒவ்வொரு படியிலும் காலை அமர்த்தி, ஸ்ஸ் என்று மெல்லச் சத்தம் கொடுத்து. பாதி தூரத்தில் தங்கதுரை நின்றார்.

"ரூபா."

"என்னங்க?"

"உனக்கு வலிக்கது இடது முட்டு."

"ஆமா."

"நீ வலது காலை நொண்டுத."

அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். உண்மைதான். காப்பிக்கடையிலிருந்து வலது காலைத்தான் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள், வலிக்கிற கால் பாட்டுக்கு நல்ல பிள்ளையாக நடந்திருக்கிறது. மூச்சுக்குழலில் சிரிப்பு வந்து அடைத்தது, அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்தது. அவரும் சிரித்தார். சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மேலே ஒரு ஜன்னல் திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. சிரிப்பு ஓய்ந்த பிறகும் அவர் கண்ணில் தண்ணீர் ஓயவில்லை. அவள் படியில் உட்கார்ந்தாள், அவரையும் பிடித்து உட்கார வைத்தாள்.

"இலை இல்லங்க," என்றாள்.

"இல்ல," என்றார்.

"எப்பத்திலருந்து?"

"கிறிஸ்துமஸுக்கு முந்தி. சட்டைப் பட்டன் போட நேரமாச்சு. வயசுன்னு நினைச்சேன். அப்புறம் ஒரு நாள் ஷேவ் பண்ணும்போது கண்ணாடியில பாத்தேன், இந்தக் கை சும்மா ஆடிக்கிட்டு நிக்கி. ஆபிரகாம் அண்ணன் நிக்க மாதிரியே இருந்துச்சு."

"டாக்டர்ட்ட போனியளா?"

"போனா பயணம் போகக் கூடாதுன்னு சொல்லிருவாங்க. ஊருக்குத் திரும்பிப் போய்க் காட்டுவோம்னு இருந்தேன்."

"எங்கிட்ட சொல்ல என்ன?"

"சொன்னா நீ ரோட்டைப் பாக்க மாட்ட. என் கையையே பாத்துக்கிட்டு வருவ. விழுந்துருவ."

"இப்ப மட்டும் எதைப் பாத்துக்கிட்டு வாரேன்னு நினைச்சிய?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீழே சந்தின் முனையில் ஆறு ஒரு துண்டு தெரிந்தது, பாலும் பச்சையும் கலந்த நிறத்தில். அவளுக்குப் பயம் போய்விடவில்லை. ஆனால் இத்தனை நேரம் உள்ளே தனியாக அலைந்துகொண்டிருந்தது இப்போது இரண்டு பேருக்கும் நடுவில் படியில் வந்து உட்கார்ந்திருந்தது, அதன் அளவு தெரிந்தது. அண்ணனுக்கு வந்ததுதானா, வேறு ஏதாவதா, தெரியாது. மருந்து இருக்கிறது, ஆபிரகாமே பல வருஷம் இருந்தார். இருந்தாரா, கிடந்தாரா? இல்லை, அந்தப் பக்கம் போகாதே மனமே. தங்கதுரை இடது கையை மடியில் வைத்து, மறைக்காமல், அதை ஒருமுறை மூடித் திறந்தார். மூடியது. இப்போது மூடுகிறது. சொல்லாமல் கொள்ளாமல் சில நேரம் கேட்க மாட்டேன் என்கிறது, அதுதான்.

"இனிமே நான் ஓட்டல ரூபா. அது முடிவு. கப்பல்ல போவோம், ரயில்ல போவோம். உன் முட்டு பாவம், அதை விட்ரு."

கடைக்குத் திரும்பினார்கள். ஹேண்டில்பார் நேராகியிருந்தது. கடைக்காரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, சரிதானா பாருங்கள் என்று நீட்டினாள். தங்கதுரை வாங்கவில்லை. இதை ஓட்ட மாட்டேன், எங்கள் இரண்டு சைக்கிளையும் ரேகன்ஸ்பர்க்குக்குத் திருப்பி அனுப்பி வைக்க வழி உண்டா என்று கேட்டார். கை விஷயத்தைச் சொன்னார். ரூபவதியின் எதிரில், முன்பின் தெரியாத ஒருத்தியிடம், மறைக்காமல் சொன்னார். கடைக்காரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அனுப்பலாம் என்றாள். கடையின் பின்பக்கச் சுவரோரம் ஒரு நீளமான சைக்கிள் சாய்ந்திருந்தது, இரண்டு சீட், இரண்டு ஜோடி மிதிகட்டை. ரூபவதி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை வாடகைக்குத் தருவீர்களா என்று தன் பள்ளிக்கூட இங்கிலீஷில் கேட்டாள். தருவேன், முன்னால் உட்காருகிறவருக்குத்தான் ஹேண்டில், பிரேக், எல்லாம், பின்னால் இருப்பவர் நம்பி மிதிக்க வேண்டும், அவ்வளவுதான், வாசலில் ஓட்டிப் பாருங்கள் என்றாள் கடைக்காரி. பாதையில் கொண்டுவந்து நிறுத்தியதும் தங்கதுரை நேராக முன் சீட்டுப் பக்கம் போனார், அத்தனை வருஷப் பழக்கம், கையை ஹேண்டிலில் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, நடந்து பின்னால் போய் நின்றார். அந்த இரண்டு எட்டை அவள் பார்த்தாள். தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் அவர் கடந்து வந்த தூரம் இதைவிடக் குறைவு.

"உம் முட்டு?" என்றார் பின்னாலிருந்து.

"நீங்க மிதிச்சா எனக்குப் பாதி வேலைதானே."

முதல் தடவை சாய்ந்தார்கள், நல்லவேளை அவர் காலை ஊன்றிவிட்டார். இரண்டாவது தடவை கடைக்காரி சீட்டைப் பிடித்து விட்டாள், வண்டி பாம்பு மாதிரி நெளிந்து பிறகு நேரானது. ஆற்றங்கரைப் பாதை, இடது பக்கம் தண்ணீர், வலது பக்கம் மஞ்சளும் ரோஜாவுமாக வீடுகள். ரூபவதிக்கு உள்ளங்கை வேர்த்தது. இத்தனை வருஷமும் அவர் முதுகைப் பார்த்தே வந்தவளுக்கு முன்னால் இப்போது ஒன்றும் இல்லை, வெறும் ரோடு, பெரிசாக, கன்னத்தில் அறைகிற காற்றோடு. எதிரே பிள்ளைவண்டி தள்ளி வருகிறாள் ஒருத்தி, பிரேக், சரி, போயிட்டாள். கல், திருப்பம், மணியடி. அவர் தெரியவில்லை, அதுதான் பெரிய கஷ்டம். ஆனால் மிதிகட்டையில் இருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே ஓட்டமாகச் சங்கிலி பூட்டியிருந்ததால் அவர் அழுத்துகிற ஒவ்வொரு அழுத்தமும் அவள் உள்ளங்காலுக்கு வந்தது. வலது கால் பலமாக, இடது கால் கொஞ்சம் பிந்தி. இப்படியா மிதிக்கிறார் இவர்? இது இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாதே. பலம், பிந்தி, பலம், பிந்தி. அவளுக்கு அது பழகிக்கொண்டிருந்தபோதே சட்டென்று நின்றது. மிதிகட்டை அவள் காலின் கீழ் பாரமானது. அவர் கால்கள் அங்கே இருந்தன, ஆனால் அழுத்தவில்லை, சும்மா சுற்றி வந்தன. காலுமா? இப்போதேவா? திரும்பிப் பார்க்கக் கூடாது, திரும்பினால் ஆற்றுக்குள்தான்.

"என்னங்க!" என்று கத்தினாள். "என்னங்க, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல ரூபா. ஆத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன்," என்றது பின்னாலிருந்து குரல், கொஞ்சம் வெட்கத்தோடு. "ரேகன்ஸ்பர்க்ல இருந்து ரோட்டையும் பிரேக்கையுமே பாத்துக்கிட்டு வந்தேனா, ஆத்தை இன்னைக்குத்தான் பாக்கேன். அங்க பாரேன், ரெண்டு தண்ணியும் கலக்காம ஒண்ணா ஓடுது. பச்சை தனியா, கறுப்பு தனியா. இரு, இந்தா மிதிக்கேன்."

"வேண்டாம்," என்றாள் ரூபவதி. "நீங்க நல்லாப் பாத்துக்கிட்டு வாங்க. இந்த மேடு வரைக்கும் நான் மிதிக்கேன்."

முழங்கால் வலித்தது, இடது முழங்கால். கீழ்உதட்டைக் கடித்துக்கொண்டு, இரண்டு பேர் பாரத்தையும் ஏற்றிக்கொண்டு அவள் மேட்டில் ஏறினாள். உச்சியில் சாலை இறக்கமாகத் திரும்பியது. அவள் இரண்டு பிரேக்கின் மேலும் விரல்களை வைத்து, மெல்ல மெல்ல மூடிக்கொண்டே இறங்கினாள்.